சுவிட்ச் யார் கையில்?

(மூன்றாம் ஆண்டு மாணவன், மின் மற்றும் மின்னணுவியல் பிரிவு)



இது விஞ்ஞான யுகம் என்று மேடைக்கு மேடை சொல்கிறார்கள். உண்மைதான். படுத்த இடத்தில் இருந்தே மின்விசிறியைச் சுழல விடலாம். ஆபீஸில் இருந்துகொண்டே வீட்டு ஏ.சி.யைப் போட்டு வைக்கலாம். அமெரிக்காவில் இருக்கும் பிள்ளை, தாம்பரத்தில் இருக்கும் அப்பா அம்மா வீட்டு வாசல் விளக்கைச் செல்போனிலேயே அணைக்கலாம். ‘ஸ்மார்ட் ஹோம்’ என்று இதற்குப் பெயர் சூட்டி விளம்பரமும் செய்கிறார்கள்.

நம்ம பாலிடெக்னிக்கிலும் இது புதுசு இல்லை. ஒவ்வொரு வருஷமும் இறுதியாண்டு புராஜெக்ட் கண்காட்சியில் குறைந்தது இரண்டு மூன்று ‘ஹோம் ஆட்டோமேஷன்’ இருக்கும். ஒரு பிளைவுட் பலகை, அதில் நாலு ஹோல்டர், நாலு பல்பு, ஒரு ரிலே போர்டு, ஒரு செல்போன். பட்டனைத் தட்டினால் பல்பு எரியும். எக்ஸ்டர்னல் வந்து பார்த்து, இரண்டு கேள்வி கேட்டு, கையெழுத்துப் போடுவார். அடுத்த வாரமே அந்தப் பலகை ஸ்டோர் ரூமில், போன வருஷத்துப் பலகைமேல் போய்ப் படுத்துக்கொள்ளும். சில பலகைகள் ரிச்சி தெருவில் முழுசாக விலைக்கு வாங்கப்பட்டவை என்பது ஊரறிந்த ரகசியம்!

நான் கேட்கிறேன்: மூன்று வருஷம் மின்சாரத்தைப் படித்தது நாலு பல்பு எரிய வைக்கவா? தூரத்தில் இருந்து வீட்டை இயக்கும் இந்த வித்தை, பணக்கார வீட்டு ஏ.சி.யை விட நம்ம ஏரியாத் தண்ணீர் மோட்டாருக்குத்தான் முதலில் தேவை என்பது என் கருத்து. அதோடு இன்னொரு கேள்வியையும் இப்போதே கேட்டுவிட வேண்டும். அந்த சுவிட்ச் யார் கையில் இருக்கப் போகிறது?

பழைய வித்தைதான்

தூரத்து இயக்கம் ஏதோ நேற்று முளைத்தது என்று பலர் நினைக்கிறார்கள். 1898-லேயே நியூயார்க்கின் மாடிசன் சதுக்கத் தோட்ட அரங்கில், ஒரு தொட்டித் தண்ணீரில் சிறிய படகை மிதக்க விட்டு, கம்பியே இல்லாமல் ரேடியோ அலையால் அதை ஓட்டிக் காட்டினார் நிகோலா டெஸ்லா. 1975-ல் ஸ்காட்லாந்தில் ஒரு சிறிய நிறுவனம் ‘எக்ஸ் 10’ என்ற முறையைக் கண்டுபிடித்தது. வீட்டுச் சுவருக்குள் ஓடும் அதே மின்கம்பி வழியாகவே கட்டளையை அனுப்பி, விளக்கைப் போடவும் அணைக்கவும் செய்தார்கள்.

1990-ல் அமெரிக்காவில் நடந்த ஒரு கண்காட்சியில் ஜான் ராம்கி என்பவர் ரொட்டி சுடும் டோஸ்டரை இன்டர்நெட்டில் இணைத்து, கம்ப்யூட்டரில் இருந்து ஆன், ஆஃப் செய்து காட்டினார். ஆனால் ரொட்டித் துண்டை மட்டும் ஓர் ஆள் கையால் வைக்க வேண்டியிருந்தது! அடுத்த வருஷம்தான் அதற்கும் ஒரு சின்ன கிரேன் வைத்தார்களாம். இந்த டோஸ்டரை நினைவில் வையுங்கள் நண்பர்களே. சம்பில் தண்ணீர் இருக்கிறதா என்று தெரியாமல் எங்கிருந்தோ மோட்டாரைப் போடுவதும், ரொட்டி இல்லாத டோஸ்டரைப் போடுவதும் ஒன்றுதான். என்ன, டோஸ்டர் சும்மா சூடாகும். மோட்டார் காயில் கருகிவிடும்.

நம் சீனியர்கள் செய்ததும் சாமானியமில்லை. செல்போனில் எண்களை அழுத்தினால் ‘பீப்’ என்று ஒரு சத்தம் வருகிறதே, அது ஒரு சத்தமல்ல, இரண்டு சத்தம். உதாரணமாக 5-ஐ அழுத்தினால் 770 ஹெர்ட்ஸும் 1336 ஹெர்ட்ஸும் சேர்ந்து போகும். இதற்கு டி.டி.எம்.எஃப். என்று பெயர். மறுமுனையில் 8870 என்ற ஐ.சி. அந்த இரட்டைச் சத்தத்தைப் பிரித்து நாலு பிட் எண்ணாக மாற்றிக் கொடுக்கும். அதை வைத்து ஒரு ரிலேயை இழுக்கலாம். இன்டர்நெட் வேண்டாம், ஆப் வேண்டாம், சாதாரண பட்டன் போன் போதும். இந்தத் தத்துவம் வெறும் கண்காட்சியோடு நின்றுவிடவில்லை. எங்கே போய்ச் சேர்ந்தது தெரியுமா? வயலுக்கு!

வயலில் கிடைத்த விடை

நம் நாட்டில் தூரத்து இயக்கத்தின் அருமையை மாளிகைக்காரர்களுக்கு முன்னால் புரிந்துகொண்டவர்கள் விவசாயிகள். கிணற்று மோட்டாருக்கு மும்முனை மின்சாரம் எப்போது வருமோ அப்போதுதான் தண்ணீர் பாய்ச்ச முடியும். அது நடு ராத்திரியாகவும் இருக்கலாம். டார்ச் லைட்டைப் பிடித்துக்கொண்டு, வரப்பில் பாம்பு கிடக்குமோ தேள் கிடக்குமோ என்று பயந்து பயந்து நடந்து போனால், போன நேரத்தில் கரண்ட் இருக்காது. திரும்பி வந்து படுத்தால் கரண்ட் வந்துவிடும்.

இந்த அவதிக்குப் பூனாவைச் சேர்ந்த சந்தோஷ் ஓஸ்ட்வால் என்ற பொறியாளர் ஒரு வழி கண்டார். தோட்டத்து மோட்டாரைப் போடத் தன் தாத்தா பட்ட பாடுதான் அவரை இதில் இறக்கியதாம். ஸ்டார்ட்டர் பெட்டியோடு ஒரு செல்போன் இணைப்பு. விவசாயி வீட்டில் இருந்தே கூப்பிட்டு எண்ணை அழுத்தினால் மோட்டார் ஓடும், நிற்கும். கரண்ட் இருக்கிறதா, இல்லையா என்றும் தெரிந்துகொள்ளலாம். ‘நானோ கணேஷ்’ என்று பெயர் வைத்தார். 2009-ல் நோக்கியா நிறுவனம் நடத்திய போட்டியில் அது பரிசு வாங்கியது.

நம் தமிழ்நாட்டிலும் வேளாண்மைப் பொறியியல் துறை, செல்போனால் இயங்கும் பம்புசெட் கருவிக்கு மானியம் தந்திருக்கிறது. சிறு, குறு விவசாயிகள், ஆதிதிராவிடர், பழங்குடியினர், பெண் விவசாயிகளுக்கு விலையில் 50 சதவீதம், அதிகபட்சம் 7,000 ரூபாய். மற்றவர்களுக்கு 40 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய். இதை ஏன் விவரமாகச் சொல்கிறேன் என்றால், தூரத்து இயக்கம் சொகுசுப் பொருள் அல்ல, உழைக்கிற மனிதனின் தூக்கத்தைக் காப்பாற்றும் கருவி என்று அரசாங்கமே ஒப்புக்கொண்டதற்கு இது அத்தாட்சி.

இதில் நாம் படிக்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு. கட்டளை போனால் மட்டும் போதாது, பதில் திரும்பி வர வேண்டும். ‘ஓடு’ என்று சொன்னேன், ஓடுகிறதா? கரண்ட் இருக்கிறதா? தண்ணீர் ஏறுகிறதா? நாலு பல்புப் பலகையில் இந்தப் பாடம் கிடையாது. ஏனென்றால் பல்பு நம் கண் முன்னாலேயே எரிகிறது!

மெயிலில் ஒரு மோட்டார்

வீட்டுக்கு வருவோம். ஈமெயிலால் மோட்டாரைப் போட முடியுமா என்று ஜூனியர்கள் கேட்கிறார்கள். தாராளமாக முடியும். வீட்டில் ஒரு சின்ன கம்ப்யூட்டர் (ராஸ்பெரி பை போதும்) நிமிஷத்துக்கு ஒரு தரம் தபால் பெட்டியைத் திறந்து பார்த்துக்கொண்டே இருக்கும். ‘மோட்டார் ஆன்’ என்று தலைப்பிட்ட கடிதம் வந்திருந்தால் ரிலேயை இழுக்கும். வேலை முடிந்ததும் ‘ஓடுகிறது’ என்று பதில் கடிதம் போடும். தபால்காரர் மாதிரிதான்.

மெயிலில் ஒரு வசதி, அது காத்திருக்கும். வீட்டில் கரண்ட் இல்லாவிட்டாலும் கடிதம் பெட்டியிலேயே இருக்கும். அதே வசதிதான் ஆபத்தும். காலை 6 மணிக்குப் போட்ட ‘ஆன்’ கடிதத்தை, கரண்ட் வந்த பிறகு 11 மணிக்குப் பிரித்துப் படித்தால் என்ன ஆகும்? வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் மோட்டார் ஓடித் தொட்டி வழிந்துகொண்டிருக்கும். ஆகவே, ‘பத்து நிமிஷத்துக்கு மேல் பழசான கட்டளையை ஏற்காதே’ என்று புரோகிராமில் ஒரு வரி கட்டாயம் வேண்டும். அனுப்பியவர் முகவரியை மட்டும் நம்பவும் கூடாது. அதைப் போலியாகப் போட முடியும். கடிதத்துக்குள் ஒரு ரகசியச் சொல்லும் வேண்டும்.

ஸ்மார்ட்போன் ஆப் என்றால் வேகம் அதிகம். ஈ.எஸ்.பி. 8266 என்ற வைஃபை சிப் 2014-ல் வந்த பிறகு, சில நூறு ரூபாயில் ஒரு சுவிட்சை இன்டர்நெட்டில் இணைக்க முடிகிறது. ஆனால் ஒரு விஷயத்தை யோசியுங்கள். கடையில் வாங்கும் பல கருவிகளில், நாம் அறைக்குள் உட்கார்ந்து பட்டனைத் தட்டினாலும் அந்தக் கட்டளை நேராக எதிரில் இருக்கும் பல்புக்குப் போவதில்லை. எங்கோ இருக்கும் அந்தக் கம்பெனியின் கம்ப்யூட்டருக்குப் போய், அங்கிருந்து திரும்பி நம் பல்புக்கு வருகிறது. பக்கத்து வீட்டுக்குச் சாம்பார் கொடுக்க பாரிமுனை போய் வருகிற கதைதான்!

பொறியியல் பக்கமாக ஒரு வார்த்தை. 1 எச்.பி. சிங்கிள் பேஸ் மோட்டார் ஓடும்போது ஆறேழு ஆம்பியர் எடுக்கும். கிளம்பும் நொடியில் அதைப் போல் பல மடங்கு இழுக்கும். பல்புக்குப் போட்ட அந்தச் சின்ன நீல நிற ரிலேயை அப்படியே மோட்டாருக்குப் போட்டால், பாயிண்ட் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் செல்போனில் எத்தனை தரம் ‘ஆஃப்’ சொன்னாலும் மோட்டார் நிற்காது. ரிலே காண்டாக்டரை இழுக்க வேண்டும், காண்டாக்டர் மோட்டாரை இழுக்க வேண்டும். கூடவே தண்ணீர் இல்லாமல் ஓடினால் தானாக நிற்கும் ட்ரை ரன் பாதுகாப்பும் வேண்டும். இதெல்லாம் நம் பாடத்திலேயே இருக்கிறது தோழர்களே!

நம்ம ஊர்த் தண்ணீர்

2021 நவம்பரில் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் என்று ஐந்து நகராட்சிகளும், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர் முதலான ஐந்து பேரூராட்சிகளும் சேர்ந்து தாம்பரம் மாநகராட்சி ஆனது. பெயர் மாநகராட்சி ஆனாலும், பல தெருக்களில் தண்ணீர் கதை பழைய கதைதான். கொஞ்சம் குழாய், கொஞ்சம் போர், கொஞ்சம் லாரி, குடிக்கக் கேன். 2019 கோடையை யாரும் மறந்திருக்க மாட்டோம். ஏரிகள் வறண்டு, ஜூலை 12-ஆம் தேதி ஜோலார்பேட்டையில் இருந்து ரயிலில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் சென்னைக்கு வந்து இறங்கியது. பழைய மகாபலிபுரம் சாலையில் கம்ப்யூட்டர் கம்பெனிகள் சில, ‘வீட்டில் இருந்தே வேலை பாருங்கள்’ என்று சொல்லிவிட்டன. வீட்டில் மட்டும் தண்ணீர் இருந்ததா என்று யாரும் கேட்கவில்லை!

இப்படிப்பட்ட ஊரில் வீட்டிலேயே முக்கியமான சுவிட்ச் எது? ஏ.சி. சுவிட்சா, டி.வி. சுவிட்சா? மோட்டார் சுவிட்ச்!

நாங்கள் குடியிருப்பது முடிச்சூர் பக்கம் ஒரு வாடகை வீடு. ஐந்து குடித்தனத்துக்கு ஒரே மோட்டார். சுவிட்ச் ஹவுஸ் ஓனர் போர்ஷனில், கதவுக்கு உள்ளே. குழாயில் காற்று வந்தால் யாராவது ஒரு பெண்மணி போய், “அம்மா, கொஞ்சம் மோட்டார் போடுறீங்களா?” என்று கேட்க வேண்டும். ஓனர் அம்மா நல்லவர்தான், போடுவார். ஆனால் அவர் கல்யாணம் காட்சி என்று ஊருக்குப் போய்விட்டால் ஐந்து வீட்டுக்கும் தண்ணீர் கிடையாது. போன வருஷம் ஒரு தரம் அப்படி இரண்டு நாள் ஆனது. வீட்டு வேலைக்குப் போகிற எங்க அம்மா, மூணு வீட்டுப் பாத்திரம் தேய்ச்சிட்டு வந்து, “ஊர் வீட்டுல எல்லாம் தண்ணி கொட்டுது. நம்ம வீட்டுல முகம் கழுவ ஒரு சொம்பு இல்லடா” என்று சொன்னார்கள். அந்த வார்த்தைதான் இந்தக் கட்டுரையை என்னை எழுத வைத்தது என்று சொல்லலாம்.

அந்த மோட்டாருக்கு ஒரு செல்போன் சுவிட்ச் இருந்தால் ஓனர் அம்மா திருநெல்வேலியில் இருந்தே போட்டிருப்பார். உண்மை. ஆனால் அதே சுவிட்சால், வாடகை இரண்டு நாள் தாமதமானால் திருநெல்வேலியில் இருந்தே நிறுத்தவும் முடியும் அல்லவா? முகம் பார்த்துக் கேட்கும்போது மனசு இளகும். ஆப்புக்கு முகம் கிடையாது. ஆகவே, ஒரு போனில் மட்டும் சுவிட்ச் இருந்தால் அது முன்னேற்றமாகாது. ஐந்து குடித்தனத்து ஐந்து போனிலும் இருக்க வேண்டும். அளவுக்கு ஒரு மீட்டரும், யார் எப்போது போட்டார்கள் என்ற கணக்கும் வைத்துக்கொண்டால் சண்டையும் வராது.

அப்பா கேட்ட கேள்வி

என் அப்பா சேலையூர் பக்கம் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வாட்ச்மேன். மூன்றாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. எங்கள் குடும்பத்தில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான்தான். அந்தக் குடியிருப்பில் ராத்திரி ஒரு தரம், விடியற்காலை நாலரைக்கு ஒரு தரம் மோட்டார் போட வேண்டும். தொட்டி நிரம்பியதற்கு அடையாளம், மேலே இருந்து வழிகிற குழாயின் சத்தம். அந்தச் சத்தம் கேட்கும் வரை அப்பா தூங்க மாட்டார். லாரி வருகிற நாளில் அந்தத் தூக்கமும் கிடையாது.

அங்கே அசோசியேஷன் கூட்டத்தில், தானாக நின்று தானாக ஓடும் கருவியும், செகரெட்டரி போனில் தெரிகிற மாதிரி ஆப்பும் போடலாம் என்று பேச்சு வந்தது. அப்பா வீட்டுக்கு வந்து என்னிடம் கேட்டார்: “ஏம்ப்பா, நீ படிக்கிறது இதானே? மோட்டாரை மெஷினே பாத்துக்கும்னா, அப்புறம் என்னை எதுக்கு வெச்சிருப்பாங்க?”

“ஒண்ணும் ஆகாதுப்பா” என்று சொல்லிவிட்டுப் போக எனக்கு மனசு வரவில்லை. ஏனென்றால் ஆகலாம். இயந்திரம் வந்து ஆள் போன கதை இந்த உலகத்தில் நிறைய. ஆனால் மோட்டார் சுவிட்சுக்காக மட்டும் அப்பா அங்கே இல்லை. லிஃப்டில் மாட்டிக்கொண்டவரை இறக்குவது, லாரித் தண்ணீரை அளந்து இறக்குவது, தனியாக இருக்கும் பெரியவர்களுக்கு மருந்து வாங்கி வருவது, இதெல்லாம் எந்த ஆப்பும் செய்யாது. ஆகவே என் கருத்து இது: கருவி வரட்டும், அப்பாவின் நாலரை மணித் தூக்கம் அப்பாவுக்கே திரும்பட்டும். ஆனால் ஆப் முதலில் இருக்க வேண்டியது வாட்ச்மேன் போனில். கருவியைக் காட்டிச் சம்பளத்தைக் குறைப்பது நியாயமாகாது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. அதே குடியிருப்பில் வீடு வாங்கிவிட்டு வெளிநாட்டில் இருக்கும் ஒருவர், கேமராவைச் செல்போனில் பார்த்துவிட்டு அப்பாவைக் கூப்பிடுவார். “கேட்டுல ஆளைக் காணோமே, எங்க போனீங்க?” அப்பா பின்பக்கம் மோட்டார் போடப் போயிருப்பார்! கடல் தாண்டி உட்கார்ந்து வீட்டை இயக்குவது என்று ஆரம்பித்து, அது வீட்டில் வேலை செய்யும் மனிதரை இயக்குவதாக முடிகிறது. எங்க அம்மா வேலை செய்யும் ஒரு வீட்டில் சமையலறைக்குள்ளேயே கேமரா. விளக்கை அணைக்கலாம், மோட்டாரை நிறுத்தலாம், ஆட்சேபணை இல்லை. மனுஷங்களுக்கு ரிமோட் வைக்கக் கூடாது என்பதுதான் நான் சொல்வது.

அடுத்தவர் கையில் சாவி

வாங்கிய கருவிக்கே நாம் சொந்தக்காரரா என்பதும் சந்தேகமாகிவிட்டது. அமெரிக்காவில் ‘ரிவால்வ்’ என்ற வீட்டு இயக்கக் கருவியைக் காசு கொடுத்து வாங்கியவர்கள் பலர். அந்தக் கம்பெனியை இன்னொரு கம்பெனி வாங்கியது. 2016 மே மாதத்தில் அதன் சேவையை நிறுத்திவிட்டது. வாங்கி வைத்த கருவி வெறும் டப்பாவானது. 2022 ஏப்ரலில் ‘இன்ஸ்டியான்’ என்ற கம்பெனி திடீரென்று தன் கம்ப்யூட்டர்களை நிறுத்தியது. வாடிக்கையாளர்கள் விடிந்து பார்த்தால் ஆப் வேலை செய்யவில்லை. பெரிய நாட்டுக்காரர்களுக்கே இந்தக் கதி என்றால், தவணையில் வாங்கும் நமக்கு?

மெயில் வழியும் இதற்கு விலக்கல்ல. 2022 மே 30 முதல், வெறும் பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்து வெளிப் புரோகிராம்கள் ஜிமெயிலைத் திறப்பதை கூகுள் நிறுத்தியது. பாதுகாப்புக்காகச் செய்ததுதான், தவறில்லை. ஆனால் பழைய முறையில் எழுதி விட்ட புரோகிராம் எதுவும் அன்றோடு பெட்டியைத் திறக்க முடியாமல் போனது. சிம் கார்டு வைத்த கருவிக்கும் சங்கடம் உண்டு. 2018 கடைசியில் இருந்து குறைந்தபட்ச ரீசார்ஜ் செய்யாவிட்டால் சேவை நின்றுவிடும் என்ற நிலை வந்தது. நாம் போனுக்கும் ரீசார்ஜ் செய்ய வேண்டும், மோட்டாருக்கும் ரீசார்ஜ் செய்ய வேண்டும்! பழைய 2ஜி மாடல் மோடத்தில் ஜியோ சிம்மும் எடுக்காது. அது 4ஜியில் இருந்துதான் ஆரம்பம்.

திருட்டுப் பயம் தனி. 2016-ல் ‘மிராய்’ என்ற வைரஸ் செய்தது மிகச் சுலபமான காரியம். கம்பெனி போட்டுக் கொடுத்த பாஸ்வேர்டை மாற்றாமல் விட்ட கேமராக்களைத் தேடி, தெரிந்த அறுபது சொச்சம் பாஸ்வேர்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தது. லட்சக்கணக்கான கருவிகள் அதன் கைக்குப் போயின. அக்டோபர் 21-ஆம் தேதி அந்தப் படை ஒரு நிறுவனத்தைத் தாக்கியதில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்களே தடுமாறின. ‘அட்மின், 1234’ என்று விட்டுவைப்பது, கதவைப் பூட்டிச் சாவியைப் பூட்டிலேயே தொங்க விடுவது போல.

இந்த இடத்தில் நம் பக்கத்து ஊர்க்காரர் ஒருவரை நினைத்துக்கொள்ள வேண்டும். குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் படித்தவர் எழுத்தாளர் சுஜாதா. அப்துல் கலாமும் அங்கே படித்தவர்தான். சுஜாதா பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸில் வாக்குப்பதிவு இயந்திரத்தை உருவாக்கும் பணியில் முக்கியப் பங்கு வகித்தவர். அந்த இயந்திரத்தின் அடிப்படையே, அது எந்த நெட்வொர்க்கிலும் இணைக்கப்படாத தனி இயந்திரம் என்பதுதான். எதை இணைப்பது என்று தெரிந்தவன் டெக்னீஷியன். எதை இணைக்கக் கூடாது என்றும் தெரிந்தவன்தான் இன்ஜினியர்!

மழை நாளில்

2015 டிசம்பரில் அடையாறு பெருகி முடிச்சூரும் வரதராஜபுரமும் தண்ணீரில் நின்றன. 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் மரங்களையும் மின்கம்பங்களையும் சாய்த்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம். பாதுகாப்புக்காகக் கரண்ட்டை நிறுத்தினார்கள். பல இடங்களில் செல்போன் சிக்னலும் போனது. அந்த நேரத்தில் எந்த ஆப் என்ன செய்யும்? சம்பு மூழ்கி, சுவிட்ச் பெட்டியில் தண்ணீர் ஏறினால், ஓடி வந்து மெயின் ஃப்யூஸைப் பிடுங்குகிற ஒரு மனிதக் கைதான் உயிரைக் காப்பாற்றும். தூரத்தில் இருக்கும் ஒருவர், வீட்டுக்குள் தண்ணீர் நிற்பது தெரியாமல் செல்போனில் ‘ஆன்’ தட்டினால், அது கொலைக்குச் சமம். ஆகவே தூரத்து சுவிட்ச் எவ்வளவு நவீனமானாலும், பக்கத்து சுவிட்ச்தான் மேலதிகாரி. கையால் அணைத்ததை ஆப் திரும்பப் போடக் கூடாது. இது என் விதி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நாம் செய்யக்கூடியது

குறை சொல்வது சுலபம், வழி சொல்ல வேண்டாமா? மாணவர் பேரவைக்கும் துறை ஆசிரியர்களுக்கும் என் பணிவான வேண்டுகோள் இவை:

1. இந்த வருஷம் முதல் ‘ஹோம் ஆட்டோமேஷன்’ புராஜெக்ட் எடுக்கும் குழு, நாலு பல்புக்குப் பதிலாக ஓர் உண்மையான வீட்டின் உண்மையான மோட்டாரில் அதைப் பொருத்திக் காட்ட வேண்டும். முதல் இடம் நம் ஹாஸ்டல் மோட்டாராகவே இருக்கட்டும். 230 வோல்ட் விளையாட்டல்ல. ஆசிரியரோ, லைசென்ஸ் பெற்ற எலக்ட்ரீஷியனோ பக்கத்தில் இல்லாமல் கை வைக்கக் கூடாது.

2. கருவி கம்பெனிக் கம்ப்யூட்டர் இல்லாமலும் ஓட வேண்டும். வீட்டுக்குள்ளேயே இயங்கும் ‘ஹோம் அசிஸ்டன்ட்’ போன்ற இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. இன்டர்நெட் போனாலும் வீட்டு வைஃபையில் வேலை செய்யும்.

3. ‘ஓடுகிறது, நின்றது, தண்ணீர் இல்லை, கரண்ட் இல்லை’ என்று தமிழில் பதில் வர வேண்டும். எங்க அப்பா படிக்கிற தமிழில்.

4. பச்சை பட்டன், சிவப்பு பட்டன் கையால் அழுத்துகிற மாதிரி அப்படியே இருக்க வேண்டும்.

5. உடைந்தால் ரிச்சி தெருவில் கிடைக்கிற பாகத்தை வைத்து நாமே சரி செய்யக்கூடியதாக இருக்க வேண்டும். சர்க்யூட் படத்தை அந்த வீட்டுச் சுவரிலேயே ஒட்டிவிட்டு வர வேண்டும்.

6. யார் யார் போனில் சுவிட்ச் இருக்கும் என்பதை, அந்தத் தண்ணீரைக் குடிப்பவர்கள் எல்லாரும் உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும்.

தோழர்களே! நம்மில் பாதிப் பேர் வீட்டில் நாம்தான் முதல் பட்டயப் படிப்பு. நம் அப்பா அம்மா சுவிட்ச் போடச் சொல்லி ஏவப்பட்டவர்கள். சுவிட்சுக்குள் என்ன இருக்கிறது என்று யாரும் அவர்களுக்குச் சொல்லித் தரவில்லை. நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். அந்தப் படிப்பை ஒரு பிளைவுட் பலகையில் ஆணி அடித்து ஸ்டோர் ரூமில் வைத்துவிட்டுப் போகலாமா? அடுத்த ஆண்டு மலரில், ‘எங்கள் தெருவில் இத்தனை மோட்டார் பொருத்தினோம், இன்றும் ஓடுகிறது’ என்று ஜூனியர்கள் எழுதட்டும். அதைப் படிக்க நான் ஆவலோடு காத்திருப்பேன்.

கற்போம்! பொருத்துவோம்! பழுதானால் நாமே சரி செய்வோம்!